இரும்புக்கு ஏது மடிப்பு?

வெல்டர் பட்டறையிலிருந்து சாக்கில் சுற்றி வந்த இரும்பு ஃப்ரேம், போன வாரம் நாம் விட்ட இடத்திலேயேதான் இருக்கிறது. கூடத்தில், அம்மாவின் தையல் பொம்மை நிற்க வேண்டிய இடத்தில். தலையும் கையும் இல்லாத அந்தப் பொம்மையைக் கழற்றிச் சோபாவில் சாய்த்துவிட்டு, அதன் மூன்றுகால் ஸ்டாண்டில் ஃப்ரேமை மாட்டியிருந்தான் தம்பி. வீட்டுக்கு வருகிறவர்கள் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அதன் பக்கத்தில் மரியாதையாக உட்கார வேண்டியிருந்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாக: இந்த வீட்டில் பெரியவளுக்குக் கால் நீளம். தம்பி அவளைக் 'கொக்கு' என்று கூப்பிடுவதற்கும் அதுதான் காரணம். கடையில் விற்கிற எந்தச் சைக்கிளில் ஏறினாலும் அவள் முழங்கால் ஹேண்டில்பாருக்கு வணக்கம் சொல்லும். மலைப்பாதையில் ஓட்டுகிற குழு ஒன்றில் ஓராண்டாக இரவல் சைக்கிளோடு ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வரைக்கும் போகிற அணியில் முதல் முறையாக இடம் கிடைத்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான். சொந்தச் சைக்கிள் வேண்டும், அது அவளுக்குப் பொருந்த வேண்டும்.

குழுத் தலைவி பிரசவ வார்டு நர்ஸ். எல்லோருக்கும் 'சிஸ்டர்'. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்து சைக்கிளைப் பரிசோதிப்பதாகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள், பெரியவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் பக்கத்து மேசைக்காரன். அவன் வெள்ளிக்கிழமையே ஆறுதல் சொல்லிவிட்டான். "கவலைப்படாத. மேலேர்ந்து உனக்கு போட்டோ அனுப்புறேன்."

இன்று சனிக்கிழமை.

அளவெடுத்து, வெல்டரிடம் ஃப்ரேம் செய்யச் சொல்லி, மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டிலேயே பூட்டுவது என்பது ஏற்பாடு. பூட்டப்போவது ஹார்ட்டெயில். முன் சக்கரத்துக்கு மட்டும் குலுக்கலைத் தாங்கும் ஃபோர்க் உண்டு. பின்னால் ஒன்றும் கிடையாது, ஓட்டுகிறவரின் முதுகெலும்புதான். தம்பி இதை விளக்கியபோது, முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, "எங்க டிப்போல பாதி வண்டி இதான்டா" என்றார்.

காலையில் பல் தேய்த்த கையோடு தம்பி இரும்பறுக்கும் ஹேக்சாவை எடுத்துவிட்டான். ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் ஒரு ஜாண் நீளமாக இருந்தது. சீட்டைத் தாங்கும் குழாயும் அப்படியே. அளவெடுத்துச் செய்த ஃப்ரேமுக்கு இவ்வளவு நீளம் எதற்கு, இரண்டையும் வெட்டிவிட்டால் எடை குறையும் என்பது அவன் கட்சி. இதற்காக அவன் நிறைய வீடியோ பார்த்திருந்தான். எல்லாவற்றிலும் வெட்டினார்கள்.

அம்மா தையல் மிஷினிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வாயில் குண்டூசிகள் இருந்தன. அம்மா வாயில் குண்டூசியோடு பேசினால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ட்ரையல் பார்த்தியா?"

"இது சட்டை இல்லம்மா."

"போட்டுப் பார்க்காம கத்தரி வைக்கக் கூடாது. கொண்டா அதை."

ஹேக்சா மிஷின் டிராயருக்குள் பாபின்களோடு போய்ப் படுத்தது. டிராயர் பூட்டப்பட்டது. பிரேக் ஒயருக்கும் அதே தீர்ப்பு: நூல் மாதிரி நீளமாகவே விட்டு வை, கடைசியில் நறுக்கிக்கொள்ளலாம். தம்பி, இந்த வீட்டில் தொழில்நுட்பம் வளராததற்கு யார் காரணம் என்று தையல் பொம்மையிடம் முறையிட்டான். பொம்மை பிடி கொடுக்கவில்லை.

பெரியவளுக்கு அம்மா சொன்னதில் ஆட்சேபணை இல்லை. அவள் மறைத்து வைத்திருந்த விஷயம் வேறு.

அது தெரிய வேண்டுமானால் ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தையலில் யாரும் குறை சொல்ல முடியாது. வெளியாட்களுக்கு அவள் தைத்தால் தோல் மாதிரி உட்காரும். வீட்டு ஆட்களுக்குத் தைக்கும்போது மட்டும் இரண்டு அங்குலம் சேர்த்துவிடுவாள். கேட்டால், "வளர்ற உடம்பு." பெரியவளுக்குப் பதினாறு வயதில் சொன்னதை இருபத்தாறிலும் சொன்னாள். அப்பா ஓய்வு பெற்ற நாளுக்கென்று தைத்த சட்டைக்கும் அதையே சொன்னாள். அன்றைக்கு எடுத்த போட்டோவில் சட்டை பளிச்சென்று தெரிகிறது. அப்பாவைத்தான் தேட வேண்டும்.

அம்மாவின் முகம் சுருங்குவதை அந்த வீட்டில் யாராலும் தாங்க முடியாது. அதனால் மூன்று பேரும் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தனித்தனியாக, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஆல்டரேஷன் கடைக்குத் துணியைக் கொண்டுபோய் இரண்டு அங்குலம் பிடித்து வாங்கிக்கொள்வார்கள். இதைப் பற்றி யாரும் யாரோடும் பேசியதில்லை. ஒருமுறை பெரியவளும் அப்பாவும் அந்தக் கடை வாசலில் பையும் கையுமாக முட்டிக்கொண்டார்கள். "பஸ்ஸுக்கு வந்தேன்" என்றார் அப்பா. "நானும்" என்றாள் அவள். பிறகு இருவரும் வீடு வரைக்கும் நடந்தே வந்தார்கள்.

சைக்கிளுக்கும் அளவெடுத்தது அம்மாதான். என் பெண்ணின் காலை வேறு யார் அளப்பது என்று டேப்பை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுவிட்டாள். பெரியவள் அந்த எண்களை வாங்கி, வரைபடம் போடுவதற்காகத் தம்பிக்கு அனுப்பினாள். அனுப்பும்போது கால் அளவில் இரண்டு அங்குலத்தை எடுத்துவிட்டாள். துணியானால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகலாம். இரும்பை எங்கே கொண்டுபோவது? அரை மில்லிமீட்டர் தவறினால் லென்ஸைத் தூக்கிக் குப்பையில் போடுகிறவள், அம்மாவின் கணக்கில் கை வைத்தாள். அன்றிலிருந்து அம்மா சாதாரணமாக டீ கொடுத்தால்கூட டம்ளரை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வேலை தொடங்கியது. ஃப்ரேமின் கழுத்தில் பேரிங் கிண்ணங்களை ஏற்ற வேண்டும். அவை முந்தின நாளே ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தன. குளிரில் மயிரிழை சுருங்கினால் சுலபமாக உள்ளே போகும். டீக்குப் பால் எடுக்கப் போன அப்பா ஒரு கிண்ணத்தோடு வந்து, இதை எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று கேட்டார். நீளமான மரையாணியைக் குழாய்க்குள் விட்டு, இரு பக்கமும் வாஷர் போட்டு, பெரியவள் நட்டைத் திருகத் திருக, கிண்ணம் முனகிக்கொண்டே இறங்கியது. கடைசியில் 'டக்' என்று உட்கார்ந்தது.

"ரைட்" என்றார் அப்பா. ஒவ்வொரு பாகம் உட்கார்ந்தபோதும் சொன்னார். சொல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்துக்குப் போக முடியாது என்பது போலத் தம்பியும் காத்திருந்தான்.

பெடல் கரங்கள் சுற்றுகிற நடு அச்சில்தான் ஒரு கண்டம். அதன் வலது பக்கத்தில் மரை தலைகீழாகச் சுற்றும். இது தெரியாமல் அப்பா தன் முழு பலத்தையும் தவறான திசையில் காட்டினார். தம்பி ஓடி வந்து பிடித்துக்கொண்டான். வலது பக்கம் எல்லோரும் போகிற மாதிரி போகாதுப்பா, எதிர்ப்பக்கம் போகும் என்றான். "அது என்ன, உங்க பெரியப்பா மாதிரி" என்றுவிட்டு அப்பா எதிர்ப்பக்கம் திருகினார்.

வேலை நடக்கும் இடத்துக்கும் அம்மாவின் மூலைக்கும் இடையில் ஒரு சாக்பீஸ் கோடு இருந்தது. கோட்டுக்கு அந்தப்பக்கம் துணிகள், இஸ்திரி மேசை, வாரா வாரம் செவ்வாய்க்கிழமை யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும் நீல மூட்டை. வெளிவேலை என்பாள் அம்மா. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை பகலில் வீட்டில் இருந்தால்தானே கேட்க. அப்பாவுக்கு அது சீட்டுக் கச்சேரி நாள். மூட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டாலும் சைக்கிளைத் தெருவில் வைத்துப் பூட்ட வேண்டியிருக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

ஃப்ரேமின் கழுத்தில் வெல்டர் ஒரு சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சி வரைந்திருந்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கலைஞன் என்றால் அப்படித்தான் என்றான் தம்பி. ஃப்ரேம் கொஞ்சம் தாழ்வாகத் தெரியவில்லையா என்று பெரியவள் கேட்டதற்கும் அவனிடம் பதில் இருந்தது. இப்போது இதுதான் ஸ்டைலாம்.

மூன்று மணிக்குள் சக்கரம் ஏறியது, செயின் ஓடியது, ஹேண்டில்பார் நின்றது. சீட்டுக் குழாயை வெட்டக் கூடாது என்பதால் தற்காலிகமாக அதை முழுக்க உள்ளே இறக்கி வைத்தான் தம்பி. அம்மா உள் அறையில் ஒரு வக்கீலுக்குக் கோட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், கதவு சாத்தியிருந்தது. மூன்று பேருமாகச் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்கள்.

பெரியவள் காலைத் தூக்கிப் போட்டு நின்றாள்.

அவளுக்கும் மேல் குழாய்க்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் படுத்திருக்கலாம். உட்கார்ந்தாள். முழங்கால்கள் ஏறி வந்து காதைத் தொட்டுவிடும் போலிருந்தது. பூங்காவில் குழந்தைகளின் ராட்டினக் குதிரையில் ஏறிவிட்டு இறங்க வெட்கப்படுகிற பெரிய மனுஷி மாதிரி இருந்தாள்.

தம்பி சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அப்பா "ரைட்" சொல்லவில்லை.

அவள் இறங்கி, அம்மாவின் உபரி டேப்பை எடுத்து, சுவரோடு நின்று காலை அளந்தாள். பிறகு ஃப்ரேமை அளந்தாள். தம்பியைத் திரும்ப ஒருமுறை அளக்கச் சொன்னாள். மனக்கணக்குப் போட்டாள்.

"கால் அளவுல ஆறு அங்குலம் காணோம். நான் எடுத்தது ரெண்டுதானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

தம்பி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். அப்பாவும் பின்னால் வந்தார், வராமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதால்.

"நீ ஏன்க்கா எடுத்த?" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. "வரைபடம் போடும்போது நான்தான் எடுத்துட்டேனே."

"நீயா?"

"அம்மா கை தெரியாதா? சேர்த்திருப்பாங்கன்னு ரெண்டு குறைச்சேன். நீ குறைச்சிருப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டும் ரெண்டும் நாலு. இன்னும் ரெண்டு?"

அப்பா பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை.

"அப்பா" என்றாள் பெரியவள்.

அப்பா கையிலிருந்த டம்ளரைப் பார்த்துப் பேசினார். வெல்டரிடம் வரைபடத்தைக் கொடுக்கப் போனது அவர்தான். கொடுத்துவிட்டுத் திரும்பி வாசல் வரைக்கும் வந்தாராம். மனசு கேட்கவில்லை. மறுபடி உள்ளே போய், எதற்கும் கால் அளவில் ஒரு இரண்டு அங்குலம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

"அவர் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. சின்னப் பொண்ணான்னு கேட்டாரு. ஆமா, எம்பொண்ணுன்னேன்."

மூன்று பேரும் சமையலறை வாசலிலிருந்து எட்டி ஃப்ரேமின் கழுத்தைப் பார்த்தார்கள். பட்டாம்பூச்சி இப்போது நன்றாகப் புரிந்தது.

பெரியவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. மூன்று பேர் எடுத்தது ஆறு, குறைவதும் ஆறு. அப்படியென்றால் அம்மா இந்தத் தடவை ஒன்றும் சேர்க்கவில்லை. வீட்டு ஆட்களுக்கென்று அவள் அளந்ததில் முதல் முறையாக மயிரிழை பிசகாமல் அளந்திருக்கிறாள். அதைத்தான் மூன்று பேருமாக வெட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

மலை போச்சு என்பது கூட அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து மேசைக்காரன் உச்சியில் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற போட்டோ கண்முன் வந்தது.

உள் அறைக் கதவு திறந்தது. வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டு, பொம்மைக்கும் சேர்த்து ஒரு தலையசைப்பு வைத்துவிட்டுப் போனார். கழுத்தில் டேப்போடு அம்மா கூடத்துக்கு வந்தாள்.

"ட்ரையலா? என்னைக் கூப்பிடலையே. ஏறு, பார்க்கலாம்."

வேறு வழியில்லாமல் பெரியவள் ஏறினாள். அம்மா ஒருமுறை சுற்றி வந்தாள். கோட்டில் சுருக்கம் பார்க்கிற அதே பார்வை. இரண்டாவது சுற்றில் அவள் முகம் மாறியது.

"நான் குடுத்த அளவு இது இல்ல."

தம்பி ஏற்கெனவே இறுக்கிய நட்டை மறுபடி இறுக்கினான்.

"அந்த வெல்டருக்கு ஃபோனைப் போடு. அளவை வாங்கிக்கிட்டு இஷ்டத்துக்கு அடிச்சுக் குடுத்திருக்கான். நாளைக்குப் பிள்ளை மலைக்குப் போகணும்னு தெரியுமில்ல அவனுக்கு?" தம்பி நகராததைப் பார்த்து அம்மாவே ஃபோனை எடுத்து எண்ணைத் தட்டினாள்.

தம்பி அக்காவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். வெல்டர் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறார், நல்ல மனிதர், திட்டு வாங்கினால் இளைத்துவிட மாட்டார், விட்டுவிடு என்பது அதன் பொருள். அப்பாவோ ஜன்னலுக்கு வெளியே பறவை ஏதாவது போகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். ஃபோனில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை. இரண்டுமுறை.

பெரியவள் பட்டாம்பூச்சியைப் பார்த்தாள். யாரோ ஒரு சின்னப் பெண் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து வரைந்தது. கையை நீட்டி அம்மாவின் ஃபோனை வாங்கி அணைத்தாள்.

"வெல்டர் மேல தப்பு இல்லம்மா. நான் ரெண்டு அங்குலம் குறைச்சுட்டேன்."

"ஏன்?"

"நீ சேர்த்திருப்பேன்னு நினைச்சேன்."

அம்மா தம்பியைப் பார்த்தாள். "நானும்மா" என்றான் அவன். அப்பாவைப் பார்த்தாள். "ஒரு ரெண்டுதான்" என்றார் அப்பா, ஜன்னலிடம்.

ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. பெரியவள் மீதியையும் கொட்டிவிட்டாள். சைக்கிள் மட்டும் இல்லைம்மா, சட்டை, பேண்ட், எல்லாமும்தான்; நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் கொடுத்துப் பிடித்து வாங்கிக்கொள்கிறோம்.

அம்மா மெதுவாகப் போய் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சக்கரத்தைக் கையால் அரைச் சுற்று சுற்றினாள். அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மூன்று பேரும் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அம்மா குனிந்து நீல மூட்டையை இழுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கையை விட்டு, ஒரு சட்டையை எடுத்து, உதறி, அப்பாவின் தோளோடு வைத்துப் பார்த்தாள். இளம்பச்சைக் கட்டம் போட்ட சட்டை. போன மாதம் அவள் தைத்துக் கொடுத்தது. காலரில் ஒரு துண்டுத் துணி குத்தியிருந்தது. அதில் பென்சிலால்: இரண்டு அங்குலம் பிடிக்கவும்.

"செவ்வாய்க்கிழமை காலையில குடுத்தீங்க" என்றாள் அம்மா. "திங்கக்கிழமை வந்து வாங்கிக்கச் சொன்னாரா?"

அப்பா தலையாட்டினார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அந்தக் கடைக்கு யாரு ஆல்டரேஷன் தைச்சுக் குடுக்கிறதுன்னு நினைச்சீங்க?"

கூடத்தில் தையல் பொம்மையைத் தவிர எல்லோருக்கும் மூச்சு நின்றது. முதலில் மீண்டு வந்தவன் தம்பி.

"அப்போ நான் குடுத்த கூலியெல்லாம்…"

"எனக்குத்தான் வந்துச்சு. அம்மா தைச்ச பேண்ட்டுக்கு அம்மாவுக்கே கூலி குடுக்கிற பிள்ளை ஊர்ல நீ ஒருத்தன்தான்."

"தெரிஞ்சும் ஏம்மா சேர்த்துச் சேர்த்துத் தைச்ச?" என்றாள் பெரியவள்.

அம்மா சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"முதல் தடவ நிஜமாவே அளவு பிசகிடுச்சு. உங்கப்பா சட்டை. ரொம்ப நல்லா இருக்குன்னாரு. அடுத்த செவ்வாய்க்கிழமை அது மூட்டையில வருது. சரி, அடுத்ததுக்காவது லூஸா இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்வாரான்னு பார்த்தேன். அதுவும் மூட்டையில வந்துச்சு. அப்புறம் உன்னுது. அப்புறம் இவன்துன்னு வரிசையா வருது. ஊர்ல இருக்கிறவன்லாம் வந்து கை பிடிக்குது, கழுத்து இறங்குதுன்னு எங்கிட்ட சண்டை போடுறான். என் வீட்டாளுங்க மட்டும் சிரிச்சுக்கிட்டே போட்டுக்கிட்டுப் போறீங்க. நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன், எவராவது ஒருத்தருக்கு வாய் திறக்குதான்னு."

"சைக்கிளுக்கு மட்டும் ஏன் சேர்க்கல?"

"துணி எங்க சுத்தினாலும் எங்கிட்டதானே திரும்பி வரும். இரும்பு வராதே."

பெரியவள் போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஒரு விநோதச் சத்தம் கேட்டது. அப்பா. அவர் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கடை வாசலில் 'பஸ்ஸுக்கு வந்தேன்' என்று சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அதை அவர் சொல்லப்போய், தம்பிக்குத் தொற்றி, கடைசியில் அம்மா சட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆல்டரேஷனுக்கு வந்த துணியால் முகம் துடைத்தது அவள் தொழில் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

முகத்தை எடுத்தபோது அவள் தையல்காரியாக மாறியிருந்தாள்.

"அந்த சிஸ்டர் எப்ப வருவாங்க?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல" என்றான் தம்பி. "விடும்மா. குட்டை ஃப்ரேம் குட்டை ஃப்ரேம்தான். என்ன பண்ண முடியும்?"

"அந்தக் குழாய் ரெண்டையும் வெட்டிட்டியா?"

"எங்க விட்டீங்க. ஹேக்சா உங்க டிராயர்ல…" தம்பி நடுவிலேயே நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ மடிப்பு உள்ளதானே இருக்கு" என்றாள் அம்மா. "பிரிச்சு விடுடா."

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் உட்காரவில்லை. பெரியவள் சீட்டுக் குழாயின் பிடியைத் தளர்த்தி மேலே இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. குழாயில் ஒரு கோடு உண்டு; அது வெளியே தெரிந்தால் ஆபத்து, பாதி வழியில் முறிந்துவிடும். சிஸ்டர் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். போன மாதம் அது எட்டிப் பார்த்த ஒரே குற்றத்துக்காக ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். பெரியவளின் காலுக்குச் சரியான உயரம் வந்தபோது, கோடு ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே நின்றது. அவள் அதை அளந்து பார்த்தாள். அம்மாவையும் அளக்கச் சொன்னாள். யாரும் எதையும் கூட்டவோ கழிக்கவோ இல்லை.

ஹேண்டில்பாரை உயர்த்த, ஃபோர்க்கோடு வந்த வளையங்களைக் கழுத்துக் குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்தார்கள். எடை என்று தம்பி காலையில் குப்பைக்கூடையில் போட்டிருந்த வளையங்களும் மீட்கப்பட்டன. பிரேக் ஒயர் எட்டியது; நறுக்கியிருந்தால் எட்டியிருக்காது. இதைத் தம்பி கவனித்தான். கவனித்ததை அவன் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது, அவளும் சொல்லவில்லை. சில விஷயங்களை அந்தக் குடும்பம் இன்னும் சொல்லாமலேதான் வைத்துக்கொள்ளும்.

சிஸ்டர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தபோது சைக்கிள் வாசலில் நின்றது. பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. கழுத்தும் முதுகும் மட்டும் வளர்ந்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. சிஸ்டர் அதைத் தூக்கிக் கீழே போட்டார். சத்தத்தைக் கேட்டார். ஃபோர்க்கை அழுத்தினார், பிரேக்கைப் பிடித்தார், சீட்டுக் குழாயில் கோட்டைத் தேடினார். இல்லை. பிடியைத் தளர்த்தி உருவிப் பார்த்தார். கோடு உள்ளே இருந்தது. பெரியவளைத் தெருக்கோடி வரைக்கும் ஓட்டச் சொன்னார்.

அவள் ஓட்டினாள். காலை முழுசாக நீட்டி மிதிக்கிற சுகத்தை அன்றுதான் கண்டாள். முழங்கால் எதற்கும் வணக்கம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வேண்டுமென்றே மேட்டில் ஏற்றிக் குதித்தாள்.

"யாரு அளவெடுத்தது?" என்றார் சிஸ்டர்.

மூன்று பேர் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கேட்காத மாதிரி கழுத்து டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் சேர்ந்துதான், சிஸ்டர்" என்றாள் பெரியவள்.

"தெரியுது." சிஸ்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "நாளைக்குத் தாராளமா வரலாம். ஆனா அப்புறம் வேற ஃப்ரேம் செஞ்சுக்கோ. இது யாரோ குட்டையான ஆளுக்குன்னு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

ஸ்கூட்டர் போனது. அப்பா "ரைட்" என்றார், அந்த நாளிலேயே மிக நீளமாக. பெரியவள் பக்கத்து மேசைக்காரனுக்குச் செய்தி அனுப்பினாள்: போட்டோ நான் அனுப்புறேன்.

அவள் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தியபோது, அம்மா சைக்கிளைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இந்த முறை சுருக்கம் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"சீட்டை இறக்குடா" என்றாள் தம்பியிடம்.

"எவ்வளவும்மா?"

"நீ இறக்கு. நான் சொல்றேன்."

குழாய் ஏறக்குறைய முழுசாக உள்ளே போன பிறகுதான் போதும் என்றாள். காலைத் தூக்கிப் போட்டு நின்றாள். மேல் குழாய்க்கும் அவளுக்கும் இருந்த இடைவெளி கச்சிதம். உட்கார்ந்தாள். கை போய் ஹேண்டில்பாரில் தானாக விழுந்தது. வீட்டில் யாருக்கும் எப்போதும் எந்த உடுப்பும் அப்படிப் பொருந்தியதில்லை.

அம்மாவைப் பிடித்துக்கொள்ள அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தார். அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

தள்ளாடவில்லை. கீழே பார்க்கவில்லை. தெருமுனையில் கியரை மாற்றி, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்து, மேட்டில் ஏறி, பெரியவள் குதித்த இடத்தில் அவளும் குதித்தாள். கழுத்து டேப் பின்னால் பறந்தது. வளைவில் திரும்பி மறைந்தாள்.

"அம்மாவுக்கு சைக்கிள் தெரியுமா?" என்றான் தம்பி.

"எனக்குத் தெரியாது" என்றார் அப்பா. "இத்தனை வருஷமா எங்க போனாலும் என் பஸ்லதான் ஏறுவா."

எதிர்ப்பக்கத் தெரு வழியாக அம்மா வந்து சேர்ந்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கையால் டேப்பைச் சரி செய்துகொண்டு. மூவரின் கால் விரல்களுக்கு முன்னால் பிரேக் போட்டு நிறுத்தினாள். மூச்சு வாங்கவில்லை.

"நாளைக்கு மட்டும் நீ ஓட்டிக்கோ" என்றாள் பெரியவளிடம். "திங்கக்கிழமைலேர்ந்து இது என்னுது. உனக்கு வேற அளவெடுக்கலாம். ஒரே ஒருத்தர் எடுக்கட்டும்."

"அது இருக்கட்டும்மா. நீ எங்க கத்துக்கிட்ட? எப்ப?"

அம்மா இறங்கினாள். பட்டாம்பூச்சியின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

"சொல்றேன். முதல்ல நீங்க மூணு பேரும் வேற என்னெல்லாம் எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க? அது வரட்டும். அப்புறம் என் கதை."

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. தம்பி, பேண்ட்டுக்குக் கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்க உத்தேசித்திருப்பதைத் தவிர தன்னிடமும் ஒன்றும் இல்லை என்றான். இருவரும் அப்பாவைப் பார்க்கத் திரும்பினார்கள்.

அப்பா அங்கே இல்லை. சமையலறையில், கழுவின பாத்திரங்களை யாரோ மறுபடியும் கழுவுகிற சத்தம் கேட்டது.